மனனம் செய்ததை மனம் எங்கே வைக்கிறது?

ஷஅபான் பிறை தென்பட்டுவிட்டால் ஹாபிழ் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பரபரப்புத் தோன்றிவிடும். ரமளானில் எந்தப் பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகை நடத்துவது என்ற பேச்சு ஒரு பக்கம் நடக்கும். மதரஸாவில் தங்கி ஓதி முடித்த 30 ஜுஸ்வும் இப்பொழுது நாவில் நிற்கின்றனவா என்ற கவலை மறு பக்கம் இருக்கும். இந்த இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை தனியறையில் அமர்ந்து முஸ்ஹபைப் புரட்டிக்கொண்டிருப்பான். தாயார் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

மறந்து போனதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மந்த புத்தி என்பார்கள், கண்ணேறு என்பார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததுதான் தவறு என்பார்கள். ஞாபகசக்தி லேகியம் என்று எழுதி ஒட்டிய புட்டிகளை வாங்கி ஊட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். (வல்லாரை நல்ல கீரைதான். துவையல் அரைத்துச் சாப்பிடலாம். அது ஒரு ஜுஸ்வைப் பாடமாக்கித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.) இவற்றை ஒரு புறம் வைத்துவிட்டு, மனித மனம் ஒன்றை எவ்வாறு வாங்குகிறது, எவ்வாறு வைத்துக்கொள்கிறது, எவ்வாறு அடுத்தவரிடம் ஒப்படைக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம். அறிஞர்கள் 140 ஆண்டுகளாக இத்துறையில் சோதனைகள் செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் ஹிப்ழு ஓதும் வீட்டுக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

வாசல் சிறிது

மனத்தின் வாசல் மிகச் சிறியது. 1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க அறிஞர், ஒரு முறை கேட்டவுடன் மனிதன் திருப்பிச் சொல்லக்கூடியவை ஏறத்தாழ ஏழு துண்டுகளே என்று எழுதினார். உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள இடம் தராமல் சோதித்தால் அது நான்கு துண்டு அளவுக்கே வருகிறது என்று 2001இல் நெல்சன் கோவன் என்பவர் காட்டினார். பத்து எண்களுள்ள தொலைபேசி எண்ணை நாம் ஐந்து ஐந்தாகவோ, இரண்டும் மூன்றுமாகவோ பிரித்துச் சொல்வது இதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘துண்டு’ என்ற சொல். துண்டின் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அரபி எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய குழந்தைக்கு அலிப் ஒரு துண்டு, லாம் ஒரு துண்டு. எழுத்துக்கூட்டல் முடிந்து ஓட்டமாக ஓத வந்தபின் ஒரு சொல் ஒரு துண்டாகிறது. ஐந்தாறு ஜுஸ்வு பாடமான பிள்ளைக்கு, அடிக்கடி வரும் ஒரு சொற்றொடர் முழுவதுமே ஒரு துண்டுதான். தொடக்கத்தில் அரைப் பக்கத்துக்குத் திணறிய பிள்ளை, பத்தாவது ஜுஸ்வுக்குப் பின் ஒரு பக்கத்தை எளிதாக ஒப்புவிப்பதைப் பெற்றோர் பார்த்திருப்பீர்கள். வாசல் பெரிதாகிவிடவில்லை. உள்ளே நுழைகின்ற மூட்டைகள் பெரிதாகிவிட்டன.

எனவே முதல் ஆண்டில் மெதுவாகச் செல்லும் பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. ஓட்டமாக ஓத வருவதற்கு முன்பே ஹிப்ழில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை எழுத்தையும் சுமக்கிறான், பாடத்தையும் சுமக்கிறான். பார்த்து ஓதுவது சரளமாகும்வரை ஆறு மாதம் பொறுத்திருப்பது நஷ்டமாகாது.

உள்ளே செல்லும் வழி

வாசலைத் தாண்டியது அப்படியே உள்ளே தங்கிவிடுவதில்லை. இதை உலகுக்கு அறிவித்தவர் ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோயால் அவதியுற்ற அவருக்கு 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கங்களிலும் உட்புறமாக உள்ள ஒரு பகுதியை அறுவை செய்து நீக்கினார்கள். கடற்குதிரையைப் போன்று வளைந்திருப்பதால் அதற்கு ஹிப்போகேம்பஸ் என்று கிரேக்கப் பெயர். வலிப்புக் குறைந்தது. ஆனால் அந்நாள் முதல் அவர் புதிதாக எதையும் நினைவில் வைக்க இயலாதவராகிவிட்டார். பழைய நினைவுகள் பல இருந்தன. பேச்சில் குறையில்லை. சொன்ன எண்களை அப்பொழுதே திருப்பிச் சொல்வார். கவனம் வேறு பக்கம் திரும்பியவுடன் எல்லாம் போய்விடும். பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் பல ஆண்டுகள் அவரைச் சந்தித்து வந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புதியவரே. 2008இல் அவர் காலமாகும்வரை அந்நிலை நீடித்தது.

அவரிடம் மற்றொரு வியப்பும் இருந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை வரையும் பயிற்சியை மூன்று நாட்கள் தந்தார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு இதைச் செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்றார். ஆக, நடந்ததை நினைவில் வைப்பது ஒரு வழியிலும், கைக்கும் நாவுக்கும் வருகின்ற பழக்கம் வேறொரு வழியிலும் மூளையில் பதிகின்றன என்று தெரிந்தது.

இதை ஓதலோடு பொருத்திப் பாருங்கள். வேகமாக ஓதுகின்ற பிள்ளையின் நாவு, மனம் எங்கோ இருக்கும்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்து வரும். பக்கத்தின் தலையில் தொடங்கினால் கடைசி வரை தடையில்லை. அதே பக்கத்தின் நடுவிலுள்ள ஓர் ஆயத்தின் தொடக்கத்தைச் சொல்லி, இங்கிருந்து ஓது என்றால் விழிப்பான். நாவின் பழக்கம் முந்திச் சென்றுவிட்டது, நினைவு பின்தங்கியிருக்கிறது என்று இதிலிருந்து நாம் ஊகிக்கலாம். தராவீஹில் ஒரு சொல் தடுக்கிவிட்டால், அந்தப் பக்கத்தின் முதலிலிருந்து தொடங்கினாலன்றி அவனால் மீள முடியாது. அனுபவமுள்ள உஸ்தாதுமார்கள் நடுவிலிருந்து கேட்பது இதற்காகத்தான். வீட்டில் கேட்கும் பெற்றோரும் அவ்வாறு கேட்க வேண்டும்.

ஒன்று பதிந்து கெட்டிப்பட நேரம் வேண்டும். அந்த வேலையின் ஒரு பகுதி உறக்கத்தில் நடக்கிறது. 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பாடம் படித்தபின் உறங்கியவர்கள் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்று காட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதையே உறுதி செய்துள்ளன. இரவு 12 மணிவரை பிள்ளையை விழிக்க வைத்துவிட்டுப் பஜ்ருக்கு முன் எழுப்பிப் பாடம் கேட்கும் வீடுகளில், பாடம் நிற்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இஷாவுக்குப் பின் பாடத்தை ஒருமுறை ஓதிவிட்டு உடனே படுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மறதியின் கணக்கு

மறதியை முதன்முதலாக அளந்து கணக்கெழுதியவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, வரிசை வரிசையாக மனனம் செய்தார். பின்னர் இடைவெளி விட்டு, அதையே மறுபடி பாடமாக்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். 1885இல் வெளியான அவருடைய நூலின் கணக்கு இது: 20 நிமிடம் கழித்து 58 சதவிகித உழைப்பு மிச்சம். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34 சதவிகிதம். ஆறு நாள் கழித்து 25. 31 நாள் கழித்து 21.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். பெரும் இழப்பு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. ஆறாம் நாளிலிருந்து 31ஆம் நாள்வரை போனது நான்கு பங்கு மட்டுமே. காலையில் ஒப்புவித்த பாடத்தை அன்று மாலையிலும் மறுநாள் காலையிலும் திரும்ப ஓதாவிட்டால், ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து ஓதுவது புதிதாக ஓதுவதற்கு ஏறக்குறைய நிகரான உழைப்பாகிவிடும். நம் ஹிப்ழு மதரஸாக்களில் புதுப்பாடம், அண்மையில் ஓதிய பாடம், பழம்பாடம் என்று நாளை மூன்றாகப் பிரித்து ஓத வைப்பது எத்துணை அறிவுடைய ஏற்பாடு! எபிங்ஹாஸ் பிறப்பதற்கு முன்பே உஸ்தாதுமார்கள் அதை அறிந்திருந்தார்கள்.

அவருடைய மற்றொரு கணக்கு நமக்கு இன்னும் முக்கியம். ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை திரும்ப ஓதியதன் பலனை, அதே வேலையை மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் அடைந்தார். ஒரே அமர்வில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டு ஓதுவது மேல் என்பது அதன்பின் எத்தனையோ ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டுவிட்டது. ரமளானுக்குப் பத்து நாள் இருக்கையில் நாள் முழுவதும் முஸ்ஹபும் கையுமாக இருக்கும் பிள்ளைக்கு, ஷவ்வாலில் எல்லாம் கலைந்துவிடுவது இதனால்தான். ஒரே ஆண்டில் முடித்தான் என்று கேட்டால் நாமும் மகிழ்கிறோம். ஆனால் அடுத்த ஐந்தாண்டில் யார் கேட்கிறார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிக்கத் தோன்றுகிறது.

எபிங்ஹாஸ் ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டான் ஜுவான்’ காவியத்தையும் மனனம் செய்து பார்த்தார். பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அதற்குத் தேவைப்பட்டது. பொருளும், ஓசையும், தாளமும், சொற்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதும் அவ்வளவு சுமையை இறக்கிவிடுகின்றன. நம் பிள்ளைகள் அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். ஓசையும் தாளமும் அவர்களுக்குக் கை கொடுக்கின்றன. பொருள் கை கொடுப்பதில்லை. புதுப்பாடம் தொடங்குமுன் அந்தப் பக்கத்தில் யாருடைய வரலாறு வருகிறது, என்ன கட்டளை வருகிறது என்று தமிழில் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கும். இதை உஸ்தாத் செய்யட்டும் என்று காத்திராமல் வீட்டிலேயே செய்யலாம். தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத முஸ்லிம் வீடு இன்று அரிது.

பார்த்து ஓதுவதும் பாராமல் ஓதுவதும்

நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அறிஞர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைத் தந்தார்கள். ஒரு பிரிவினர் அதை இருமுறை படித்தார்கள். மறு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பின்பு ஏட்டை மூடி, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபொழுது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். அவர்கள் 81 சதவிகிதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபொழுது கணக்குத் தலைகீழாயிற்று. இருமுறை படித்தவர்கள் 42. ஏட்டை மூடி எழுதியவர்கள் 56.

முஸ்ஹபைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து முறை பார்த்து ஓதினால் பாடம் நன்றாக வந்துவிட்டதாக ஒரு தெம்பு தோன்றும். அந்தத் தெம்பு ஏமாற்றும். முஸ்ஹபை மூடி, தடுமாறித் தடுமாறி, உள்ளிருந்து இழுத்து வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதை உறுதிப்படுகிறது. தடுமாறுவதை நாம் குறையென்று எண்ணுகிறோம். தேடி எடுக்கின்ற அந்த உழைப்பிலேதான் பாடம் கெட்டிப்படுகிறது. பார்த்து ஓதுவதற்குத் தனியே நன்மை உண்டு. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. மனனத்தைப் பேணுவதற்கு அது மட்டும் போதாது என்பதையே கூறுகிறோம்.

ஆண்டுதோறும் ரமளானில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபிபெருமானார் (ஸல்) அவர்களோடு திருக்குர்ஆனை ஓதி ஒப்புநோக்கினார்கள் என்பதும், இறுதி ஆண்டில் அது இருமுறை நடந்தது என்பதும் நாம் அறிந்தவை. ஓர் இரவு பள்ளிவாசலில் ஒருவர் ஓதுவதைச் செவியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், தமக்கு நினைவிலிருந்து விடுபட்டிருந்த ஆயத்துகளை அவர் நினைவூட்டியதாகக் கூறி அவருக்கு அருள் வேண்டினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பாடமான குர்ஆனைப் பேணுவதை, கட்டி வைத்த ஒட்டகத்தைக் காப்பதோடு ஒப்பிட்ட நபிமொழியும் அவ்விரு நூல்களிலும் இருக்கிறது. ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் அதை மந்த புத்தியுள்ள ஒட்டகக்காரன் என்று யாரும் திட்டுவதில்லை. ஏன் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் கேட்பார்கள்.

திருக்குர்ஆனை ஏழு மன்ஸில்களாகப் பிரித்து வாரம் ஒருமுறை ஓதி முடிக்கும் வழக்கம் அப்படிப் போய்ப் பார்ப்பதற்கே ஏற்பட்டது. வேலைக்குப் போகும் ஹாபிழால் நாளொன்றுக்கு ஒரு மன்ஸில் ஓத முடியாமல் போகலாம். ஒரு ஜுஸ்வு முடியும். ஐவேளைத் தொழுகையின் சுன்னத்துகளிலும் நபிலிலும் அதைப் பகிர்ந்து ஓதினால் தனி நேரமும் வேண்டியதில்லை. தொழுகையில் முஸ்ஹபைப் பார்க்காமலே ஓதுகிறோம். அதுவே பாராமல் ஓதும் பயிற்சி.

ஒன்று போல் மற்றொன்று

மறதியில் ஒரு வகை, போய்விடுவது. மற்றொரு வகை, கலந்துவிடுவது. ஹாபிழ்களுக்குப் பின்னதே பெரிய தொல்லை. புதிதாகப் படித்தது பழையதைக் குழப்புகிறது என்பதை 1900லேயே முல்லர், பில்சேக்கர் என்ற ஜெர்மானியர்கள் சோதித்துக் கண்டார்கள். இரண்டும் ஒன்று போல் இருந்தால் குழப்பம் கூடும்.

அல்பகராவின் 58ஆம் ஆயத்தையும் அல்அஃராபின் 161ஆம் ஆயத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஓர் ஊரைப் பற்றிய ஒரே செய்தி. முன்னதில் நுழையும்படியான கட்டளை, பின்னதில் குடியிருக்கும்படியான கட்டளை. முன்னதில் வாசலில் பணிந்து நுழைவது முதலிலும் மன்னிப்பு வேண்டும் சொல் அடுத்தும் வருகின்றன. பின்னதில் அவை இடம் மாறி வருகின்றன. ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் புகுந்துவிடுவது மிக எளிது. மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகின்ற தாஹா, நம்ல், கஸஸ் சூராக்களிலும் இதே வழுக்கல் உண்டு. இத்தகைய இடங்களைத் தனித்தனியே நூறு முறை ஓதுவதால் பயன் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாடு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கண்ணால் கண்டு, வாயால் சொல்லி, பொருளோடு இணைத்துவிட வேண்டும்.

பிரம்பும் நினைவும்

பாடம் வராத பிள்ளையை அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அச்சம் மிகும்பொழுது உடலில் கார்ட்டிசோல் என்ற சுரப்பு கூடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ளவர்களுக்கு ஒரு நாள் முன்பு சொற்களைப் படிக்கத் தந்து, மறுநாள் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு அச்சுரப்புக்கு ஒத்த கார்ட்டிசோன் மாத்திரையைக் கொடுத்தார்கள். அவர்களால் நினைவுக்குக் கொண்டு வர முடிந்த சொற்கள் குறைந்தன. சொற்கள் உள்ளேதான் இருந்தன. எடுக்கும் வழி அடைபட்டது.

பிரம்பைக் கண்டு நடுங்கி நிற்கும் பிள்ளைக்கு, தனியே இருக்கும்பொழுது வந்த பாடம் உஸ்தாதின் முன்னே வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவன் பொய் சொல்லவில்லை. ‘எனக்கு நன்றாக வந்தது’ என்று அவன் அழுதுகொண்டே சொல்வது உண்மையாகவே இருக்கக்கூடும். பிள்ளையை மதரஸாவில் சேர்க்குமுன் எத்தனை ஜுஸ்வு எத்தனை மாதத்தில் என்று கேட்கும் பெற்றோர், அங்கே அடி உண்டா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று.

ஒருவர் நெஞ்சிலிருந்து மற்றவர் நெஞ்சுக்கு

இதுவரை ஒரு மனிதரின் நினைவைப் பார்த்தோம். ஒருவர் நினைவிலிருந்து மற்றவருக்குச் செல்லும்பொழுது என்ன ஆகிறது? கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலில் ஒரு சோதனை இருக்கிறது. செவ்விந்தியர்களின் கதையொன்றை ஒருவர் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவார். அவர் எழுதியதை அடுத்தவர் படித்து, நினைவிலிருந்து எழுதுவார். இப்படியே கை மாறும். சில கைகள் மாறுவதற்குள் கதை சுருங்கிவிட்டது. விளங்காதவை உதிர்ந்தன. அவர்களுடைய ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. மனம் தனக்குப் பழகிய வடிவத்துக்கு எதையும் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதை அது காட்டியது.

மனித நினைவு இத்தன்மையதென்றால், குர்ஆன் சொல் மாறாமல் கைமாறி வந்தது எப்படி என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பார்ட்லெட்டின் சோதனையில் கேட்டுத் திருத்துகிறவர் ஒருவரும் இல்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவே. மேலும் அங்கே கதையைத்தான் நினைவில் வைத்தார்கள், சொல்லை அன்று. ஹிப்ழில் மாணவன் ஓதுவதை உஸ்தாத் காது கொடுத்துக் கேட்கிறார். ஓர் எழுத்து நீண்டாலும் குறுகினாலும் அங்கேயே நிறுத்துகிறார். திருத்தாமல் அடுத்த பாடம் இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சோதனை நடக்கிறது. ஒரே சங்கிலியும் அன்று. ஓர் ஊரில் ஒருவர் தவறினால் மற்ற ஊர்களில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். தராவீஹில் இமாமுக்குப் பின்னால் மற்றொரு ஹாபிழ் நிற்பதும், சொல் தவறினால் லுக்மா எடுத்துக் கொடுப்பதும் இதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். லுக்மா வாங்குவதை மானக்குறைவாக எண்ணும் இளம் ஹாபிழ்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

நெஞ்சை மட்டுமே நம்பி விடவும் இல்லை. யமாமாப் போரில் குர்ஆனை ஓதியறிந்தவர்கள் பலர் ஷஹீதானதைக் கண்டு கவலையுற்ற உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததன் பேரில், கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள். எழுதப்பட்டிருந்தவற்றையும் மனிதர்களின் நெஞ்சிலிருந்ததையும் அவர்கள் ஒருங்கே தேடினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் பிரதிகள் எடுத்துப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அக்காலத்து எழுத்தில் இன்றுள்ளது போலப் புள்ளிகளும் குறியீடுகளும் இல்லை. ஓதக் கேட்டவருக்கே அந்த ஏடு முழுமையாகப் பேசும். ஏடு நெஞ்சைக் காத்தது, நெஞ்சு ஏட்டைக் காத்தது.

கேட்கும் காது

கேட்டுத் திருத்தும் ஒருவர் இருக்கும்வரைதான் நினைவு நேராக நிற்கிறது என்றால், பட்டமளிப்பு விழா முடிந்து வீடு வந்த பிள்ளைக்கு அந்த ஒருவர் யார்? மதரஸாவில் காலையும் மாலையும் கேட்ட உஸ்தாத் இப்பொழுது இல்லை. பள்ளிக்கூடப் பாடம், தேர்வு, பின்பு வேலை என்று நாட்கள் ஓடுகின்றன. ஜும்ஆவில் பார்க்கிறவர்கள் ஹாபிழ் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். ஒருவரும் ஓதச் சொல்லிக் கேட்பதில்லை. போனது வெளியே தெரியவும் கூடாது என்ற கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்தில் ஆண்டுகள் கழிகின்றன.

பல ஆண்டு விட்டுப்போனவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1984இல் ஹாரி பாரிக் என்ற அமெரிக்க அறிஞர், பள்ளிப் பருவத்தில் ஸ்பானிய மொழி படித்த 733 பேரைச் சோதித்தார். சிலர் படித்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் நினைவு இறங்கிக்கொண்டே வந்தது. அதன்பின் எஞ்சியது ஏறத்தாழ 30 ஆண்டுகள்வரை, பயன்படுத்தாத நிலையிலும், பெரிதும் குறையாமல் நின்றது. ஆழமாகக் கற்றவர்களிடம் எஞ்சியதும் அதிகம். போய்விட்டது என்று ஒருவர் எண்ணுவதில் ஒரு பகுதி உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் வரவில்லை. மீண்டும் ஓதத் தொடங்கினால் முதல் முறை பட்ட பாட்டைவிடக் குறைவான பாட்டில் அது திரும்பும். எபிங்ஹாஸ் அளந்ததும் இந்த மிச்ச உழைப்பைத்தான்.

தொடங்கும் விதம் இதுதான். நன்றாக நினைவிலுள்ள ஒரு ஜுஸ்வை முதலில் எடுங்கள். பலருக்கு அது 30ஆவதாக இருக்கும். நாளைக்கு அரைப் பக்கம் போதும். முஸ்ஹபைத் திறப்பதற்கு முன்பே, வருகிறவரை ஓதிப் பாருங்கள். நின்ற இடத்தில் திறந்து பாருங்கள். மூடிவிட்டு மறுபடி ஓதுங்கள். அதை அன்று மாலையும், மறுநாளும், நான்காம் நாளும், அடுத்த வாரமும் கேட்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர் ஹாபிழாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முஸ்ஹபைப் பார்த்துச் சரியாக ஓதத் தெரிந்த உம்மா போதும், தங்கை போதும், மனைவி போதும். விரலை வரியில் வைத்துக்கொண்டு பின்தொடர வேண்டியதுதான். எழுத்தின் ஒலிப்பில் வரும் நுட்பமான தவறுகளை மாதம் ஒருமுறை ஊர் இமாமிடம் ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். கேட்பவர் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஓதுகிறவர் நின்றவுடன் அவசரப்பட்டுச் சொல்லைக் கொடுத்துவிடக் கூடாது. பத்து எண்ணும் அளவுக்குப் பொறுங்கள். அவரே தேடி எடுத்தால் நல்லது. வராவிட்டால் முதற் சொல்லை மட்டும் கொடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முஸ்ஹபில் கோடு போட மனமில்லாதவர்கள் ஒரு சிறு குறிப்பேட்டில் சூராவின் பெயரையும் ஆயத்து எண்ணையும் தேதியோடு எழுதி வைக்கலாம். அடுத்த வாரம் அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் முதலில் கேட்க வேண்டும், அதுவும் வரிசையாக இல்லாமல் கலந்து. இரண்டு வாரம் தொடர்ந்து தடையின்றி வந்த இடத்தை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.